பல்லிக்குப் பலன்

பள்ளத்தூரில் ஒரு வீட்டில் விடிந்தால் சாந்தி.
இரவு ஒன்பதே காலுக்கு
முகப்பில் தொடங்கி இரண்டாங்கட்டு வரை அணைந்துவிட்டதாம்.
போன் வந்தபோது புரோட்டா பிய்த்துக்கொண்டிருந்தேன்.
சால்னா காயாத விரலோடு
கோட்டையூர் தாண்டி வண்டியை முறுக்கினேன்.

ஒரு தெருவில் தொடங்கி
அடுத்த தெருவில் முடிகிற வீடு.
அத்தனை இருட்டை ஒரே கூரைக்குள் பார்த்ததில்லை.
செல்போன் வெளிச்சத்தில் காய் நறுக்குகிறார்கள்.
யாரோ ஒருவர், நான் கேட்காமலே,
டிரான்ஸ்பார்மர்தான் என்று தீர்ப்புச் சொல்கிறார்.

வளவுத் தூணுக்குப் பின்னால் பழைய மரப்பலகை.
ஆறு பீங்கான் கட்டை. நான்காவதில் கருகல் வாடை.
மூடியைக் கழற்றினேன்.

பல்லி.

முன்னங்கால் பேஸில், பின்னங்கால் நியூட்ரலில்,
படியேறுகிற தோரணையில் நின்றுபோயிருந்தது.
விரல்நுனி மட்டும் கறுப்பு.
மற்றபடி ஒரு குறையும் சொல்ல முடியாது.
வால்கூட விழவில்லை.
ஆபத்தென்றால் வாலைக் கொடுத்துத் தப்பிக்கிற ஜாதி;
கொடுப்பதா என்று யோசிக்க
இதற்கு நேரம் தரப்படவில்லை.

கண் திறந்திருந்தது.
மூடிவிடலாமென்று கட்டைவிரலைக் கொண்டுபோன பிறகுதான்
தெரிந்தது, அதற்கு இமையே கிடையாது.
இருபத்திரண்டு வருஷமாக
எத்தனை பெட்டியிலிருந்து எத்தனை பல்லியைத் தட்டிவிட்டிருப்பேன்,
ஒன்றின் கண்ணையும் பார்த்ததில்லை.

சகலைக்கு நான்தான் மூடினேன்.
புதுவயலில், மழைவிட்ட மறுநாள்,
லைன் ஆஃப் என்று யாரோ சொன்னதை நம்பிக்
கம்பம் ஏறினான்.
அவன் விரல்நுனியும் இப்படித்தான்.
மற்றபடி ஒரு குறையும் சொல்ல முடியாது.
சட்டைப்பையில் பஸ் டிக்கெட் நனையாமல் இருந்தது.

தலையில் விழுந்தால் கலகம்,
நெற்றியில் விழுந்தால் பட்டம்,
வயிற்றில் விழுந்தால் தானியம்.
காலண்டருக்குப் பின்னால் கட்டம் கட்டி அச்சடித்திருக்கிறார்கள்.
எல்லாம் நமக்கு என்ன ஆகும் என்பதுதான்.
விழுந்த பல்லிக்கு என்ன பலன்?
அதற்கு ஒரு கட்டமும் இல்லை.
ஊருக்கெல்லாம் சகுனம் சொன்னது
கழனிப்பானையில் விழுந்த கதையை
நானும் சொல்லிச் சிரித்தவன்தான்.

முந்நூறு இலை போடப்போகிற வீட்டை
ஒரு நொடியில் இருட்டாக்க
அதன் எடை போதுமாக இருந்தது.
அஞ்சு கிராம் இருக்குமா?
சகலை எழுபத்தொரு கிலோ.
அன்றைக்கு ஊரில்
ஒரு பல்பும் சிமிட்டவில்லை.

பலகையை லேசாக நெம்பினேன்.
பின்னால், சுவரோடு ஒட்டி, இரண்டு முட்டை.
புளிப்பு மிட்டாய் அளவு.
டார்ச்சைக் காட்டினால்
ஒன்றுக்குள் சிவப்பாக ஒரு நூல்.

இந்தச் சுவரே முட்டைச் சுவர்தான்.
வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசியது,
இன்னமும் கன்னம்போல இருக்கிறது.
எத்தனை ஆயிரம் குஞ்சு பொரியாமல் போனதில்
வந்ததோ இந்த வழுவழுப்பு!
காசுக்குக் காசு பேரேடு வைத்திருந்தவர்கள்
இதை எந்தப் பக்கத்தில் எழுதினார்களோ.

பழைய பலகையை அப்படியே விட்டேன்.
இரண்டடி தள்ளிப் புதுப்பெட்டி அடித்து
லைனை மாற்றி முடிக்கையில் மணி பன்னிரண்டு.
வெளிச்சம் வந்ததும் பிள்ளைகள் கத்தின.
கிரைண்டர் விட்ட இடத்திலிருந்து சுற்றியது.

நாளைக்கு மணப்பெண்ணாக உட்காரப்போகிற சிகப்பி ஆச்சி
பாதித் தலைக்கு டை அடித்த கோலத்தில் வந்து நின்றார்கள்.
"பழசைக் கழட்டலையா?"
"வேணாம் ஆச்சி. இழுத்தா சுவத்துப் பூச்சு பேந்துரும்."
வாயில் வந்த பொய்.

உத்தரத்தில் எங்கிருந்தோ
ஒரு பல்லி சத்தம் கொடுத்தது.

"பாத்தியா, பல்லியே சொல்லிருச்சு"
என்று தரையைத் தட்டினார்கள் ஆச்சி.
நானும் குனிந்து தட்டினேன்.
சட்டைப்பையில், பில் தாளில் சுருட்டி வைத்தது
கனக்கவே இல்லை.